பொட்டு வைத்த கரண்டி

போன வாரம் நான் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாடோ தெரியவில்லை, அரை டவுசர் போட்ட ஒருவர் வீட்டுக்குப் பின்னால் பெயின்ட் டப்பாவில் உலை செய்து, குளிர்பான டின்களைப் போட்டு உருக்கி, பத்தே நிமிடத்தில் ஒரு பல்சக்கரம் வார்த்து எடுக்கிறார். பின்னணியில் கிடார் வேறு. "சார், நாமளும் வீட்ல ஒண்ணு செஞ்சு பாப்பமா?" என்று கேட்டீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கிழவனுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான், ஆனால் உங்கள் மேல் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தின் மேல். அதில் வெட்டி எறிந்த பகுதிதான் இந்தத் தொழில். அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். தொண்ணூறுகளின் நடுவில் மில்லை மூடியபோது, என்னோடு வேலை இழந்த முத்தையாவும் நானும் சேர்ந்து பேகம்பூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் லேத் போட்டோம். முத்தையா நத்தத்துக்காரன். கொட்டகைக்குள் நுழையும்போது லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. மதியம் இரண்டு தூக்குச்சட்டியையும் நடுவில் வைத்து, அவன் வீட்டு வெஞ்சனம் எனக்கும் என் வீட்டுக் குழம்பு அவனுக்குமாக மாற்றிச் சாப்பிடுவோம். சண்டை போடாத நாளும் கிடையாது, பேசாமல் இருந்த நாளும் கிடையாது.

எங்களுக்கு வந்த வேலையில் பாதி, தோட்டத்து மோட்டார்கள். மோட்டாரின் இரண்டு பக்கமும் பேரிங்கைத் தாங்கிக்கொண்டு ஒரு மூடி இருக்கும் அல்லவா, அது விரிசல் விட்டால் மோட்டார் வெறும் பாரம்தான். பழைய கம்பெனி மோட்டார்களுக்கு மூடி கிடைக்காது. கோயம்புத்தூருக்கு அனுப்பினால் வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் பயிர் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு விவசாயியிடம் "வாரக் கடைசி ஆகுங்க" என்று சொல்லிச் சொல்லி முத்தையாவுக்கு வெறுத்துப் போய்விட்டது. நாமே வார்ப்போம் என்றான். அலுமினியம்தானே, இரும்பு இல்லையே என்றேன் நானும். அந்த 'தானே'யில் ஆரம்பித்தது எல்லாம்.

எண்ணெய் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டினோம். காற்று ஊதப் பழைய புளோயர் ஒன்று. உள்ளே செங்கல் தூளும் ஃபயர் கிளேயும் குழைத்து நாலு விரல் கனத்துக்குப் பூசினோம். உலோகம் உருக்குகிற மூசை மட்டும் கடையில் வாங்கியது, மற்றதெல்லாம் கைவேலை. பூசி மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் தவறக்கூடாது என்று முத்தையா கரியைக் கொட்டிப் பற்ற வைத்தான். கால் மணி நேரத்தில் உள்பூச்சு வெடித்துப் பெயர்ந்து சில்லுச் சில்லாகத் தகரக் கூரையில் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓடிய ஓட்டத்தை மில் விளையாட்டு விழாவில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருக்கலாம்.

தெருவில் தள்ளுவண்டியில் மண் அடுப்பு விற்றுக்கொண்டு போகிற ஒரு அக்கா சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தது. எங்கள் வயதுதான் இருக்கும். உடைந்த சில்லு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணிய உள்ள வச்சுப் பூட்டிட்டு வெளிய தீ வச்சிருக்கீக, அது எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டது. மேலே காய்ந்ததுபோலத்தான் இருக்குமாம், உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்குமாம். மறுநாள் அதுவே வந்து உமி சேர்த்துப் பிசைந்து பூசிக்கொடுத்தது. பிறகு ஒரு வாரம் நிழல், அதற்கப்புறம் சாணி வறட்டியில் மெல்லிய சூடு. தினமும் சாயங்காலம் உலையின் வாய்க்கு நேரே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடித்துப் பார்க்கச் சொன்னது. தட்டில் முத்து முத்தாக வேர்வை கட்டினால் ஈரம் இன்னும் பாக்கி. பன்னிரண்டாம் நாள் தட்டு காய்ந்து வந்தது. அந்த உலை அதற்குப் பிறகு எட்டு வருஷம் உழைத்தது. எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று யாராவது உண்டென்றால் அந்த அக்காதான். பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஈரம் என்றால் எங்களுக்குப் பேய் பயம். அலுமினியம் உருகி நிற்கும்போது அதற்குள் ஒரு சொட்டு நீர் மாட்டினால், அது ஆவியாகி வெளியே வருகிற வேகத்தில் உலோகத்தையும் சேர்த்து நம் முகத்தில் இறைத்துவிடும். அதனால் உலைக்குள் போகிற பழைய அலுமினியச் சட்டிமுட்டி, துண்டு துணுக்கு, கலக்குகிற கம்பி, மோந்து ஊற்றுகிற நீளக் கரண்டி எல்லாம் உலையின் விளிம்பில் சுட்டுக் காய்ந்த பிறகுதான் உள்ளே இறங்கும். கரண்டியைச் சூடு காட்டி வைப்பது என் வேலை. மோந்து ஊற்றுவது முத்தையா வேலை. அவன் கைக்கு அப்படி ஒரு நிதானம். இந்த ஏற்பாட்டை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக அமைந்துவிட்டது. அதுவாக அமைந்ததில்தான் ஆபத்து இருந்தது என்று பிறகு தெரிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு புரட்டாசி. மழை பொய்த்திருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கன்னிவாடியிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் ஒரு உரச்சாக்கில் மோட்டார் மூடியை மூன்று துண்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம், காய் திரளுகிற நேரம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்க மோட்டார் இல்லை. வாடகைக்கு ஆயில் இன்ஜின் கேட்டு நாலு ஊர் அலைந்துவிட்டார். கோயம்புத்தூர்ப் பட்டறைகள் எல்லாம் பூஜைக்கு அடைப்பு. வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை என்பதை அவர் சொல்லவில்லை, கூட வந்த ஊர்க்காரர் சொன்னார். அந்தம்மா சொன்னது ஒன்றுதான். "அஞ்சு நாளு தாங்கும்ணே. அதுக்கு மேல மண்ணுக்குள்ளயே சூம்பிப் போயிரும்."

முத்தையா துண்டுகளை வாங்கி ஒட்ட வைத்துப் பார்த்தான். அதையே மாதிரியாக வைத்து அன்றைக்கே மண் அச்சு எடுத்துவிட்டான். மறுநாள் ஆயுத பூஜை, ஆயுதத்தைத் தொடக்கூடாது. அதற்கு அடுத்த நாள் விஜயதசமி காலையில் முதல் வேலையாக இந்த மூடியை வார்த்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தான்.

வழக்கமாகப் பட்டறைப் பூஜையை அவன்தான் செய்வான். அந்த வருஷம் நத்தத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் போயே தீரவேண்டும். என்னிடம் தயங்கித் தயங்கி, "ஏலே அருளு, எல்லாத்துக்கும் ஒரு பொட்டு மட்டும் வச்சு விட்ரு, வேற ஒண்ணும் வேணாம்" என்றான். அதில் அவன் எவ்வளவு கூச்சப்பட்டான் என்பதைப் பார்த்தபோதே முடிவு பண்ணிவிட்டேன், குறையே வைக்கக்கூடாது என்று. நம்ம சாமி கும்பிடுகிற ஆள் செய்யாததால் பூஜை சோபிக்கவில்லை என்று அவன் நினைத்துவிடக் கூடாதே.

என் வீட்டுக்காரி சிரித்தாள். "ஃபாதர் பாத்தா என்ன சொல்லுவாரு" என்று கேட்டுக்கொண்டே சந்தனம் குழைத்துக் கொடுத்ததும் அவள்தான். கெட்டியாக, தாராளமாகக் குழைத்தோம். லேத், வைஸ், புளோயர், சுத்தியல், அரம், ஒன்றையும் விடவில்லை. முத்தையாவுக்குப் பிரியமான நீளக் கரண்டிக்கு மட்டும் ஸ்பெஷல். கிண்ணத்தின் அடிவயிற்றில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, வாசலில் நுழைந்ததும் அவன் கண்ணில் படும்படி எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

விஜயதசமி காலை நான் முதலில் வந்து உலையை மூட்டினேன். மூசையில் பன்னிரண்டு கிலோ அலுமினியம். பேச்சியம்மாள் எட்டு மணிக்கே வந்து வாசல் ஓரத்தில் நின்றுகொண்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. முத்தையா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தான். உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தவன் முகம் மலர்ந்துவிட்டது. எங்க ஊர்ப் பூசாரி தோத்தான் போ என்று என் முதுகில் தட்டினான். கரண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

அதற்குள் உலோகம் சூடு ஏறிவிட்டது. அதிகம் காய்ந்தால் வார்ப்பில் ஊசி ஓட்டை விழும். வாசலில் அந்தம்மா வேறு நிற்கிறார். நான் அவசரப்படுத்தினேன். "மோந்து ஊத்துடா, ஏறிப் போச்சு" என்றேன். அந்தக் கரண்டியை நான் விளிம்பில் வைக்கவில்லை என்பதோ, மேலே காய்ந்த சந்தனத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கும் என்பதோ எனக்கு அந்த நேரம் நினைவிலேயே இல்லை. அவன் கரண்டியை இறக்கினான்.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. யாரோ கையைத் தட்டியதுபோல ஒன்று. மூசைக்குள்ளிருந்து வெள்ளியாக ஒரு கொத்து மேலே எழும்பியதைப் பார்த்தேன். முத்தையா அந்த நொடியில் பேச்சியம்மாளைத் தள்ளி நிற்கச் சொல்லத் திரும்பியிருந்தான், அதனால் கண் தப்பியது. வலது கையிலும் கழுத்திலும் விழுந்தது. சட்டைக் கை பற்றிக்கொண்டது. அவன் கரண்டியைக் கீழே போடாமல், எங்கே வைப்பது என்று தெரியாதவனைப்போல அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சியம்மாள் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். சட்டை எரிகிற மனிதன் மேல் ஊற்ற வருகிறார், அது சரியான காரியம். ஆனால் அவன் நிற்பது உலையை ஒட்டி. ஊற்றுகிற தண்ணீரில் கால் குடம் மூசைக்குள் போனால் எங்கள் மூன்று பேரையும் யாரும் அடையாளம் கண்டிருக்க முடியாது. என் வாழ்க்கையில் ஒரு பெண்ணைப் பார்த்து அவ்வளவு கேவலமாக நான் கத்தியது கிடையாது. அவர் திகைத்து நின்ற அந்த ஒரு நொடியில் புளோயர் சுவிட்சைக் காலால் எற்றி அணைத்துவிட்டு, முத்தையாவின் இடுப்பைக் கட்டிப் பத்தடி தூரம் வெளியே இழுத்துக்கொண்டு போனேன். அங்கே போனதும், "இப்ப ஊத்துங்க" என்றேன். அவர் ஊற்றினார். பிறகு குழாயடியில் அவன் கையை வைத்து, ஆட்டோ வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதே தண்ணீர்தான், பத்தடியில் அதன் குணம் மாறிவிடுகிறது. நெருக்கடியில் என்ன செய்வது என்று யோசிக்கிற மூளை எங்கே நின்று செய்வது என்று யோசிப்பதில்லை. அதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். விரல்கள் மடங்குமா என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். முத்தையாவின் மனைவி ஓடி வந்து, எப்படி நடந்தது என்று அழுதுகொண்டே கேட்டார். "அவசரத்துல நாந்தான் சூடு காட்டாம எறக்கிட்டேன்" என்றான் முத்தையா. நான் பக்கத்தில்தான் நின்றேன். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு காட்டுவது என் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பிகளா, கையில் பட்ட சூட்டுத் தழும்புகள் எனக்கும் ஏழெட்டு இருக்கின்றன. எதுவும் அந்த ஃபேனைப்போல உறுத்துவதில்லை.

மறுநாள் பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு இளநீரோடு வந்தார். மூடியைப் பற்றிக் கேட்பார் என்று நான் வெளியே நழுவப் பார்த்தேன். அவர் முத்தையாவிடம், "வெங்காயம் போனாப் போகுதுண்ணே. அடுத்த பட்டத்துக்கு ஊனிக்கிருவேன். உங்க கை தேறட்டும்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் தலையசைத்துப் போனார். அவருக்கு அடுத்த பட்டம் என்று ஒன்று கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். விதை வெங்காயம் வாங்கியதே கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துத்தான் என்று அந்த ஊர்க்காரர் சொல்லியிருந்தார்.

அவர் போனதும் என்னால் தாங்க முடியவில்லை. முத்தையாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். பொட்டை அப்பியது நான், அழகு பார்க்கச் சுவரில் சாய்த்ததும் நான், விளிம்பில் வைக்க மறந்ததும் நான், அவசரப்படுத்தியதும் நான்.

"தெரியும்லே" என்றான் அவன். "செவத்துல நிக்கிறப்பவே பாத்தேன். கையில எடுத்தப்பவே பச்சத்தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்துச்சு."

"பெறகு ஏன்டா எறக்குன?"

"நீ வச்ச பொட்டுலே. வேற சாமி கும்புடுறவன் அம்புட்டு ஆசையா வச்சிருக்க. அத நீ பாக்கப் பாக்க அடுப்பு விளிம்புல போட்டுக் கருக்க எனக்கு மனசு வரல. வேலையில போனா அது வேலையோட போகுது. மொதக் கரண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் என்னை நோயாளியின் அண்ணன் என்று நினைத்துத் தேற்றினார்.

அலட்சியத்தால் விபத்து வரும் என்று உங்களுக்கு எல்லாரும் சொல்லித் தருவார்கள், சுவரில் போர்டுகூட மாட்டியிருக்கிறது. மரியாதையாலும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மனம் குளிரவேண்டும் என்று நான் ஈரத்தை அப்பினேன். என் மனம் கோணக்கூடாது என்று அவன் ஈரத்தோடு இறக்கினான். இரண்டு பேரில் ஒருத்தன் கொஞ்சம் முரடனாக இருந்திருந்தால் அந்தக் கை வெந்திருக்காது. உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது பக்கத்து ஆளின் மனதைப் பார்க்காதீர்கள், கையில் இருப்பதைப் பாருங்கள். மனதை மதியச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சியம்மாள் மூடியோடு வந்து நான்காம் நாள் வார்த்தோம். அன்றைக்குச் சாயங்காலமே லேத்தில் கடைந்து, நானே கன்னிவாடிக்குக் கொண்டுபோய் மாட்டினேன். மோட்டார் ஓடியது. முக்கால்வாசி வெங்காயம் பிழைத்தது, தோட்டத்தின் மேல் மூலையில் கொஞ்சம் போய்விட்டது. முத்தையாவின் விரல்களில் சுண்டு விரலைத் தவிர மற்றவை மடங்கின. இதெல்லாம் கணக்கு. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்த நான்காம் நாள் ஊற்றுவதற்கு முன்னால் இருந்த பத்து நிமிடத்தை.

தனியாக ஊற்ற எனக்குத் தைரியம் இல்லை, அதற்கு மேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது. காலையில் உலையை மூட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ வந்து நின்றது. கழுத்துவரை கட்டோடு முத்தையா இறங்கினான். டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறான். பின்னாலேயே பேச்சியம்மாள். நான் ஆள் அனுப்பியிருந்தேன், ஊற்றுவதை அவர் பார்க்கவேண்டும் என்று. முத்தையாவை உலையிலிருந்து தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். இனிமேல் எந்தக் கருவி உள்ளே இறங்கினாலும் ஒருத்தன் வாய்விட்டுக் கேட்கவேண்டும், மற்றவன் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொல்லவேண்டும், அதுவரை இறக்கக்கூடாது என்றான் அவன். சரி என்றேன்.

கரண்டியை மணலால் தேய்த்துக் கழுவி, ஒரு மணி நேரமாக உலை விளிம்பில் போட்டிருந்தேன். நிறமே மாறிப்போயிருந்தது. உலோகம் தயார். கரண்டியை எடுத்து அவன் பக்கம் நீட்டிக் காட்டினேன்.

"காஞ்சிருச்சா?"

முத்தையா கரண்டியைப் பார்த்தான். "இன்னும் செத்த நேரம்" என்றான்.

திரும்ப விளிம்பில் வைத்தேன். உலோகம் மேலும் சூடேறாமல் இருக்கப் புளோயரை அணைத்து மூசையை மூடினேன். சிறிது பொறுத்து மறுபடி கேட்டேன். "இன்னும் செத்த நேரம்" என்றான் மறுபடியும். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. நல்ல கையால் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான். கரண்டி எப்போதோ காய்ந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எனக்குத் தைரியம் சொல்ல வந்தவன் என்னைவிடப் பயந்து உட்கார்ந்திருந்தான். கன்னிவாடியில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் நான் அவசரப்படுத்தவில்லை. நாலு நாளாக எந்த இடத்திலும் உட்காராத பேச்சியம்மாள், வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று பேரும் உலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"காஞ்சிருச்சு. எறக்கு."